பிரட்டை எழுதியது நான்

1

நான் கட்டினதையெல்லாம் முதல்ல சொல்லிடறேன். தற்பெருமைன்னு நினைக்கிறவங்க நினைச்சுக்கட்டும். சொல்லாம விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்குத்தான் இந்தக் குறிப்பு.

இலங்கையில ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, கூலி ஆளுங்க வரிசை வீட்டுல பொறந்தவன் நான். அஞ்சாங்கிளாசுக்கு மேல படிக்கலை. கப்பலேறி வந்து, மண்டபம் முகாம்ல அம்மை போட்டுப் பிழைச்சு, நீலகிரி ஏறினேன். எமரால்டுக்குப் பக்கத்துல கல்லு சுமந்து நானே சொந்தமா வீடு கட்டினேன். இன்னிக்கும் மழைக்கு ஒழுகாது. டீ ஃபேக்டரியில எரிஞ்சு போன மோட்டாருக்குக் கம்பி சுத்த, யாரும் சொல்லித் தராமக் கத்துக்கிட்டேன். இலை வாட்டுற தொட்டிக்குக் காத்தாடி பூட்டினேன். கோயம்புத்தூர் இன்ஜினியர் கையை விரிச்சுட்டுப் போன டிரையரை மறுநாளே ஓட வச்சேன்.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. தேயிலை விலை விழுந்து மலையே சோர்ந்து உட்கார்ந்த வருசங்கள்ல, இன்டர்நெட் எட்டாத ஊர்ல, இங்கிலீஷ் தெரியாத நான், லினக்ஸ் கணினிக்கு ஒரு புரோகிராம் எழுதினேன். தோட்டத்துல காலையில பேர் கூப்பிடறதைச் சொல்ற 'பிரட்டு'ங்கிற வார்த்தையையே அதுக்குப் பேரா வச்சேன். அது உலகம் பூரா போச்சு. வடகடல்ல மீன் பிடிக்கிற கப்பல்ல ஓடுச்சு. கடைசியில என்னையும் இழுத்துக்கிட்டு வந்து இந்த நார்வே நாட்டுல, பெர்கன் நகரத்துல உட்கார வச்சிருச்சு.

அந்தப் பிரட்டை எழுதினது என் மகள் மலர்விழின்னு இப்ப ஊர் உலகத்துக்கு எழுத்துல சொல்லியாச்சு. அவளும் இல்லைன்னு சொல்லலை. நான் இதை எழுதறதுக்குக் காரணம் அதுதான்.

2

பெர்கன்ல எப்பவும் மழை. எமரால்டு பக்கத்துக் குந்தா மழையில நனைஞ்சவனுக்கு மழை பெரிசில்லை. ஆனா குந்தாவில மழை நின்னா வெயில் வரும். இங்க மழை நின்னா அடுத்த மழை வரும். வேலையில இருந்து ஓய்வு வாங்கின பிறகு எனக்கு நாளெல்லாம் ஒரே மாதிரி. காலையில துறைமுகம் வரைக்கும் நடை. பத்து மணிக்குக் கணினியைத் திறந்து, எங்க டிஸ்ட்ரோவோட மடல் குழுவுல யார் யாரோட சண்டை போடறாங்கன்னு படிப்பேன்.

டிஸ்ட்ரோன்னா என்னன்னு நம்ம ஜனங்களுக்குச் சொல்லணும். லினக்ஸ் காசில்லாமக் கிடைக்கும், ஆனா ஒரே கட்டியா வராது. ஆயிரக்கணக்கான பேக்கேஜா, சின்னச் சின்ன மூட்டையா வரும். ஒவ்வொண்ணுக்கும் வேற எதாச்சும் துணை வேணும். அதைத்தான் டிபென்டன்சின்னு சொல்றது. எல்லா மூட்டையையும் சேர்த்து, ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்காமப் பார்த்து வெளியிடற கூட்டத்துக்குத்தான் டிஸ்ட்ரோன்னு பேர். மலர் அந்தக் கூட்டத்துல பெரிய ஆள். அடுத்த வெளியீட்டுல எந்த மூட்டை இருக்கணும், எது போகணும்னு முடிவு செய்யறவங்கள்ல ஒருத்தி.

ஞாயித்துக்கிழமை ஆனா எங்க வீட்டுக்குச் சாப்பிட வருவா. போன மாசம் ஒரு ஞாயிறு, சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடியே கேட்டா.

"அப்பா, ஒரு சந்தேகம். 'ஹாஃப்நேம்'னா என்ன?"

"எது?"

"பிரட்டுல வருதில்லையா? பேக்கேஜ் இருக்கும், ஆனா வெர்ஷன் பழசா இருக்கும். அப்ப திரையில 'ஹாஃப்நேம்'னு காட்டும். ஏன் அப்படி வச்சீங்க?"

எனக்குச் சந்தோசம் தாங்கலை. இத்தனை வருசத்துல பிரட்டைப் பத்தி அவளா வந்து கேக்கிறது அதுதான் முதல் தடவை. சோத்தை மறந்துட்டுச் சொன்னேன்.

"அது அரைப்பேர். தோட்டத்துல விடிஞ்சும் விடியாமலும் தப்பு மேளம் அடிப்பாங்க. எல்லாரும் பிரட்டுக் களத்துல வந்து நிக்கணும். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். வந்தவனுக்கு ஒரு பேர். ஒரு பேர்னா ஒரு நாள் கூலி. வராதவனுக்கு ஒண்ணுமில்லை. நேரங்கழிச்சு ஓடி வந்தவனுக்கும், கொழுந்து நிறை குறைஞ்சவளுக்கும் அரைப்பேர். ஆள் எதிர்ல நிக்குது, ஆனா முழு ஆளாக் கணக்கில்லை. பழைய வெர்ஷனும் அப்படித்தானே? இருக்கு, ஆனா நம்பி மலையேத்த முடியாது."

அவ கைப்பேசியில வேகமா எழுதிக்கிட்டா.

"எதுக்கு எழுதிக்கிற?"

"புது இன்ஸ்டாலர் இப்ப பிரட்டு செய்யற வேலை எல்லாத்தையும் செய்யுதுப்பா. அதனால அடுத்த வெளியீட்டுல பிரட்டை எடுத்துடறோம். ஆனா அந்த 'ஹாஃப்நேம்' மட்டும் புதுசுலயும் அப்படியே இருக்கு. டிஸ்ட்ரோவோட ஆண்டு விழாவுக்கு ஒரு வரலாற்றுப் பக்கம் எழுதறாங்க. இந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டாங்க."

"யார்கிட்ட?"

"என்கிட்ட."

"உன்கிட்ட எதுக்குக் கேக்கணும்?"

அவ தட்டைப் பார்த்தா. என் சம்சாரம் புஷ்பம் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா.

"ஏனுங்க, குழம்பு ஆறுதுங்க," என்றாள் புஷ்பம்.

"அங்க என் பேர்தான்ப்பா இருக்கு," என்றாள் மலர். "முதல்ல இருந்தே."

3

அது எப்படி எழுதப்பட்டுச்சுன்னு மலையில இருக்கிற பழைய ஆளுங்களுக்குத் தெரியும். சின்னவங்களுக்காகச் சொல்றேன்.

ஒரு கிலோ பச்சை இலை வித்தா ஒரு டீ குடிக்க முடியாத காலம். பறிச்சாக் கூலிக்குக் கட்டாதுன்னு ஜனங்க செடியை அப்படியே விட்டாங்க. இடுப்பளவு நின்ன செடி மரமா வளர்ந்துச்சு. விலை நல்லா இருந்தப்ப அரைக் கிலோ முன்ன பின்னப் போனா யாரும் கவலைப்படலை. விலை விழுந்த பிறகு, இலை செட்டுல தராசுக்கு முன்னாடி தினமும் சண்டை. எங்க ஃபேக்டரிக்கு இலை வாங்கித் தர்ற எமரால்டு செட்டை நடத்தினவன் நஞ்சன். படுகர் வீட்டுப் பையன், என்னை விட இளையவன், என்னை அண்ணான்னு கூப்பிடுவான். கணினியில எடை ஏறி, சீட்டு அச்சாகி வந்தாத்தான் ஜனம் நம்பும். அந்தக் கணினியில ஓடின சாஃப்ட்வேருக்கு வருசா வருசம் கட்டணும். ஃபேக்டரி முதலாளி கட்டலை. ஒரு நாள் காலையில அது பூட்டிக்கிச்சு. கணினி பார்த்த கிளார்க்கையும் அதுக்குள்ள வீட்டுக்கு அனுப்பியிருந்தாங்க.

நான் ஃபேக்டரி ஃபிட்டர். "ராமையா, உனக்குத்தான் எல்லா மிஷினும் தெரியுமே, இதையும் பாரு"ன்னு முதலாளி கிண்டலாச் சொன்னார். நான் கிண்டலா எடுத்துக்கலை.

கோயம்புத்தூர் பழைய புத்தகக் கடையில, ஒரு கணினிப் பத்திரிகையில ஒட்டியிருந்த சிடியில லினக்ஸ் கிடைச்சுச்சு. போட்டேன், ஓடுச்சு. ஆனா தராசு பேசறதைக் கணினி கேக்கணும்னா அதுக்குத் தனியா ஒரு பேக்கேஜ் வேணும். அது சிடியில இல்லை. எமரால்டுல இருந்து ஊட்டிக்குப் பஸ். பிரவுசிங் சென்டர்ல இறக்கி, ஃபிளாப்பியில ஏத்தி, திரும்பி பஸ். போட்டுப் பார்த்தா, 'எனக்கு இன்னொருத்தன் வேணும்'னு நிக்கும். மறுபடி ஊட்டி. அவனைக் கொண்டு வந்தா, அவனுக்கு ரெண்டு பேர் வேணும். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன், ஏற்கெனவே உள்ள இருக்கிறவனோட ஒத்துப்போக மாட்டான். திரையில வந்த 'நீடட் பை'ங்கிறதுதான் நான் எழுத்துக்கூட்டிக் கத்துக்கிட்ட முதல் இங்கிலீஷ்.

நஞ்சன் சிரிப்பான். "அண்ணா, இப்படியே போனா நீ கணினி கத்துக்கிறியோ இல்லையோ, பஸ் கண்டக்டர் வேலை கத்துக்குவ."

"நீ தராசைத் தொடச்சு வைடா. அது பேசற நாள் வரும்."

"வரும், வரும். அதுக்குள்ள இலை கொண்டு வர ஆள் இருக்காது."

வழி எனக்கு எங்க கிடைச்சுச்சு தெரியுமா? ஒரு காலையில ஊட்டிக்குப் போற பஸ் பழுதாகி, அரசாங்கத் தேயிலைத் தோட்டம் பக்கத்துல நின்னுச்சு. அங்க பிரட்டு நடந்துக்கிட்டு இருந்துச்சு. சின்ன வயசுல இருந்து பார்த்த காட்சிதான். அன்னிக்குத்தான் புரிஞ்சுது. கணக்கப்பிள்ளை ஏன் எல்லாப் பேரையும் கூப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஒருத்தரையும் மலைக்கு அனுப்பறதில்லை? மேல ஏறின பிறகு இல்லாத ஆளைத் தேடி இறங்க முடியாது. நான் என்ன செய்துக்கிட்டு இருந்தேன்? பாதி மலை ஏறினப்புறம், சாக்கு தூக்கற ஆள் வரலையேன்னு இறங்கிக்கிட்டு இருந்தேன்.

சிடியில இருந்த மாதிரி புரோகிராம்களை எழுத்துக்கூட்டிப் பார்த்து, அப்ப உட்கார்ந்து எழுதினேன். எதையும் நிறுவறதுக்கு முன்னாடி, கையில இருக்கிற பேக்கேஜையெல்லாம் வரிசையா நிறுத்திப் பேர் கூப்பிடணும். அதுக்கு வேணுங்கிறது, அந்த வேணுங்கிறதுக்கு வேணுங்கிறதுன்னு கடைசி ஆள் வரைக்கும் கூப்பிடணும். வராதவங்க பேரை மட்டும் ஒரு தாள்ல அச்சடிச்சுக் கொடுக்கணும். எல்லாரும் வந்தாத்தான் வேலை தொடங்கணும். அப்புறம் ஊட்டிக்கு ஒரே பயணம் போதும்.

சில ஜோடிப் பேக்கேஜ் உண்டு. 'அவன் முதல்ல போகட்டும்'னு இது நிக்கும், 'அவ முதல்ல போகட்டும்'னு அது நிக்கும். புருசன் பொஞ்சாதி சண்டை போட்டுக்கிட்டுக் களத்துக்கு வந்தா, கணக்கப்பிள்ளை ரெண்டு பேரையும் ஒரே மூச்சில கூப்பிட்டு ஒரே வரிசையில அனுப்புவார். நானும் அப்படியே செஞ்சேன்.

இன்னொரு தந்திரமும் வச்சேன். களத்துக்கு வராத தங்கச்சிக்காக அக்கா குரல் கொடுக்கிறது வழக்கம், 'இருக்கேனுங்க'ன்னு. பேக்கேஜ்லயும் அந்த மாதிரி உண்டு. தன்கிட்ட இல்லாததை இருக்குன்னு சொல்லும். அதை நம்பி மேல கட்டிட்டா, ஜனம் கூடையோட வரிசையில நிக்கிற நேரமாப் பார்த்து விழும். அதனால குரல் போதாது, முகத்தைக் காட்டுன்னு வச்சேன். உள்ள திறந்து பார்த்துத்தான் பிரட்டு பேர் போடும். இந்த ஒரு விசயத்தைப் பெரிய பெரிய படிப்பாளிங்க பிற்பாடு மெச்சினாங்க.

தராசு பேசுச்சு. எமரால்டுல மட்டுமில்லை, சுத்துப்பட்டு செட்டு எல்லாத்துக்கும் நானே சிடி போட்டுக் கொடுத்தேன்.

4

இனிமே பேர் எப்படிப் போச்சுன்னு சொல்றேன்.

ஊட்டி பிரவுசிங் சென்டர்காரர்தான், "இதை மடல் குழுவுக்கு அனுப்புங்க, வெளிநாட்டுக்காரன் பார்த்தா அசந்துடுவான்"னு சொன்னார். அனுப்ப ஒரு மின்னஞ்சல் வேணும். மலரு அப்ப ஆறாங்கிளாஸ், இங்கிலீஷ் மீடியம். அவதான் விசைப்பலகை முன்னாடி உட்கார்ந்தா. பேர் கேட்டுச்சு, தன் பேரைப் போட்டா. நான் பக்கத்துலதான் இருந்தேன். வீட்டுக்கு ஒரு ரேசன் கார்டு மாதிரி, குடும்பத்துக்கு ஒரு மெயில்னுதான் நாங்க நினைச்சோம். கார்டுல யார் பேர் முன்னால இருந்தா என்ன, அரிசி எல்லாருக்கும்தானே? நான் தமிழ்ல சொல்லச் சொல்ல, அவ அகராதியைப் புரட்டிப் புரட்டி இங்கிலீஷ்ல அடிச்சா. அரைப்பேருக்கு நேரா, அர்த்தம் தெரியாமலே, 'ஹாஃப்நேம்'னு போட்டதும் அவதான். வாய் என்னுது, விரல் அவளுது.

டிஸ்ட்ரோக்காரங்க அந்த மடல்ல இருந்து பிரட்டை எடுத்துக்கிட்டாங்க. எழுதினவர்ங்கிற இடத்துல, மடல்ல இருந்த பேரை அப்படியே போட்டுட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

பெர்கன்ல கப்பலுக்குக் கணினி பூட்டுற ஒரு சின்னக் கம்பெனி. அதோட முதலாளி ஓலாவ். நடுக்கடல்லயும் இன்டர்நெட் கிடையாது, எமரால்டுலயும் கிடையாது. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நோய், அதனால ஒரே மருந்து. அவர் 'அன்புள்ள மலர்விழி'ன்னு எழுதினார். மலரு, 'நான் பள்ளிக்கூடப் பொண்ணு, எழுதினது அப்பா'ன்னு அன்னிக்கே ஒழுங்காப் பதில் போட்டா. அதை மறைக்க மாட்டேன். ஓலாவ் எமரால்டுக்கே வந்து, செட்டுல ஒரு நாள் நின்னு பார்த்துட்டு, வேலை கொடுத்தார். அவரும் இப்ப இல்லை, கம்பெனியும் இல்லை.

இங்க வந்து போலீஸ் ஸ்டேசன்ல குடியிருப்பு அனுமதிக்கு உட்கார்ந்ததை நினைச்சா இப்பவும் வேர்க்கும். அங்க இருந்த அதிகாரி அம்மா, "எத்தனை வருடப் படிப்பு?"ன்னு கேட்டாங்க. "அஞ்சு"ன்னேன். எந்தப் பல்கலைக்கழகம்னு கேட்டாங்க. ஓலாவ் சிரிப்பை அடக்க முடியாம வெளிய போயிட்டார். அஞ்சு வருசம்னா அஞ்சாங்கிளாஸ்னு விளக்கின பிறகு, பேனாவை மூடி வச்சுட்டாங்க. அனுபவத்தால பெற்ற தனித்திறமைன்னு நிரூபிக்க நாங்க ஏறி இறங்கின படி கொஞ்சமில்லை. இங்க இருக்கிற யாழ்ப்பாணத் தமிழ் ஆட்களே, "ஐயா, நீங்கள் இதுக்கு முன்னம் கொழுந்துதானே ஆய்ஞ்சனீங்கள்?"னு கேட்டிருக்காங்க. "ஆமா, அதனாலதான் எழுத முடிஞ்சுது"ன்னு சொல்லுவேன். சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிப்போச்சு. எங்க போனாலும் நான் யாருன்னு நானே சொன்னாத்தான் உண்டு.

5

அன்னிக்கு ஞாயிறு சாப்பாடு ஆறிப்போச்சு.

"நான் எங்கயும் நான்தான் எழுதினேன்னு சொன்னதில்லப்பா," என்றாள் மலர்.

"இல்லைன்னும் சொன்னதில்லையே."

"யாரும் கேக்கலை."

"இப்பக் கேட்டாங்கல்ல?"

அவ தட்டைத் தள்ளி வச்சா. அப்புறம் சொன்னா: "இங்க பள்ளிக்கூடத்துல சேர்ந்த புதுசுல ஒரு விழா நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஹெட்மாஸ்டர் என்னை மேடையில ஏத்தினார். இந்தியாவுல சின்னப் பொண்ணா இருந்தப்பவே ஒரு புரோகிராம் எழுதினவள்னு சொன்னார். அந்த ஹால்ல எல்லாரையும் விடச் சத்தமாக் கை தட்டினது நீங்க."

"அவர் பேசினது எனக்கு எங்க புரிஞ்சுது? உன் பேர் காதுல விழுந்துச்சு. தட்டினேன்."

"எனக்கு அது தெரியாதே. மேடையில இருந்து பார்க்கிறேன், அப்பா எழுந்து நின்னு தட்டுறார். சரி, அப்பா இதை எனக்குக் கொடுத்துட்டார்னு நினைச்சுக்கிட்டேன்."

தட்டினது நிஜம். ஆனா நான் கொடுக்கலை. கொடுக்கிறதுன்னா கையில எடுத்து, கொடுக்கிறேன்னு தெரிஞ்சு கொடுக்கணும்.

புஷ்பம் மகள் பக்கம் சாஞ்சுட்டா. அவ மஞ்சூர்ல கடை வச்சிருந்தவங்க வீட்டுப் பொண்ணு, பேரம் பேசிப் பழக்கம். "பெத்த புள்ளைக்குக் குடுக்காம யாருக்குங்க குடுக்கப் போறீங்க? எமரால்டு ஊட்டைக் குடுப்பீங்க, என்ர நகையைக் குடுப்பீங்க, இது மட்டும் வலிக்குதாக்கும்?"

"வீட்டைக் கொடுத்தா, அப்பா கட்டின வீடுன்னு சொல்லுவா. இதை அப்படிச் சொல்லலையே."

"சொல்லாட்டி என்னங்க? சோறு இறங்கலையா?"

"இறங்கலை."

அப்புறம்தான் மலர் முழுசாச் சொன்னா. டிஸ்ட்ரோவுக்குத் தலைவர் தேர்தல் வருது. அவ நிக்கிறா. தேயிலை மலையில இருந்து வந்த சின்னப் பொண்ணு எழுதின புரோகிராம்ங்கிற கதை எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு ஓட்டுப் போடறவங்கள்ல பாதிப் பேருக்கு அவளைத் தெரிஞ்சதே அதனாலதான். இப்பப் போய் அது நான் எழுதினது இல்லைன்னு சொன்னா, இத்தனை வருசம் ஏமாத்தினவள்னு முத்திரை குத்துவாங்க.

"தேர்தல் முடியட்டும்ப்பா. நானே எழுதறேன்."

நான் படிக்காதவன்தான். ஆனா எது மேல எது நிக்குதுன்னு பார்க்கிறது என் தொழில். அவ தலைவர் ஆகட்டும், ஆகணும். இந்த நாட்டுக்காரனுக்கெல்லாம் மேல என் மக உட்காரணும்னு எனக்கு ஆசை இல்லையா? ஆனா இல்லாத ஒண்ணை இருக்குன்னு சொல்லி, அது மேல ஏறி உட்கார்ந்தா அது தாங்காது. தேர்தலுக்கு முன்னாடி சொன்னா ஓட்டு குறையலாம். பின்னாடி வேற எவனாச்சும் தோண்டி எடுத்தா, பதவியோட மானமும் போகும். இதை அவகிட்டச் சொன்னேன்.

"இது எனக்காகச் சொல்றீங்களா, உங்களுக்காகவா?"

"ரெண்டுக்கும்தான்," என்றேன். பொய் சொல்ல எனக்குத் தெரியாது.

மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிட்டா. சாப்பிடவே இல்லை.

6

மறுநாள் நஞ்சனைக் கூப்பிட்டேன். சாட்சிக்கு ஆள் வேணும்ல? பிரட்டு முதல்ல ஓடினது அவன் செட்டுல.

"அண்ணா! என்ன, உங்க ஊர்ல மழை நின்னுச்சா?"

"நஞ்சா, ஒண்ணு கேக்கிறேன். பிரட்டை எழுதினது யாரு?"

"இதென்ன கேள்வி? நீதான். நான் பக்கத்துல உட்கார்ந்து கிண்டல் பண்ணினேன்."

விசயத்தைச் சொன்னேன்.

"அண்ணா, நான் எழுதித் தர்றேன், கையெழுத்தும் போடறேன். ஆனா மகளோட எதுக்கு இந்த மல்லுக்கட்டு? எங்க வீட்ல பாரு, பசங்க ஒருத்தனும் தேயிலைப் பக்கம் திரும்பறதில்லை. உன் மக உன் வேலையைத்தானே செய்யறா. நீ கொடுத்து வச்சவன்."

"என் வேலையைச் செய்யறா, சரி. என் பேரையும் சேர்த்தா செய்யணும்?"

"அது சரிதான்," என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அண்ணா, பேர் போடற மாதிரி ஆச்சுன்னா என் பேரையும் எங்கயாச்சும் ஓரத்துல போடச் சொல்லு. செட்டு என்னுது, கரண்டு என்னுது, ஃபிளாப்பி வாங்கின காசும் என்னுது."

சிரிச்சுட்டேன். அவன் சிரிக்கலை.

"செட்டுல அந்தக் கணினி இன்னும் ஓடுதா?"ன்னு கேட்டேன். அதைக் கேட்டிருக்க வேண்டாம்.

"அது பழைய இரும்புக்குப் போய் எத்தனையோ வருசம் ஆச்சு அண்ணா. இப்ப தராசே நேரா போனுக்கு அனுப்பிடுது. இலை கொண்டு வர்ற பொம்பளை செட்டை விட்டுக் கிளம்பறதுக்குள்ள அவ போன்ல எடை வந்துடுது. நல்லாத்தான் இருக்கு. விலை மட்டும் இன்னும் அழுதுக்கிட்டேதான் இருக்கு."

பிரட்டை யாருமே பயன்படுத்தறதில்லைன்னு டிஸ்ட்ரோக்காரங்க கணக்குக் காட்டினப்ப நான் கோபப்பட்டேன். அவங்க கணக்கு எடுக்கிறது இன்டர்நெட் வழியா. இன்டர்நெட் இல்லாதவனுக்காக எழுதினது அந்தக் கணக்குல எப்படி விழும்னு மடல் குழுவுல கேட்கலாம்னு இருந்தேன். நஞ்சன் சொன்ன பிறகு அதைக் கேக்கலை. கப்பலுக்கெல்லாம் கூட இப்ப வானத்துல இருந்து இன்டர்நெட் வந்துடுச்சு. பிரட்டு போகட்டும். வேலை முடிஞ்சுது. அது போறதுல எனக்கு வருத்தம் இருக்கு, வழக்கு இல்லை.

7

அந்த வாரமே மடல் குழுவுல மலரோட பதில் வந்துச்சு. அகராதியை வச்சுக்கிட்டு வரி வரியாப் படிச்சேன். 'ஹாஃப்நேம்' என்பது தேயிலைத் தோட்டங்களில் வருகை எடுக்கும்போது வழங்கும் பழைய சொல், எங்கள் குடும்பத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்னு எழுதியிருந்தா. கீழ ஆளாளுக்குப் பாராட்டு. எத்தனை அழகான வேர் உள்ள சொல்னு ஒருத்தர். மலர்விழிக்கு நன்றின்னு வேற ஒருத்தர்.

எங்கள் குடும்பத்தில். குடும்பத்துக்கு ஆள் இல்லையா? ஆளுக்குப் பேர் இல்லையா? தானே எழுதின சொல்லுக்கு அர்த்தத்தை எதுக்குக் குடும்பத்துல போய்க் கேக்கணும்னு, அங்க இருக்கிற அத்தனை அறிவாளிகள்ல ஒருத்தருக்கும் தோணலை பாருங்க.

தொலைபேசியில கூப்பிட்டுக் கேட்டேன். "இதுக்கு மேல இப்ப என்னால முடியாதுப்பா"ன்னு சொல்லி வச்சுட்டா. அதுக்கப்புறம் வந்த ஞாயித்துக்கிழமைகள்ல வரலை. புஷ்பம் அவ பங்கைப் பாத்திரத்துல போட்டு எடுத்துக்கிட்டு, பஸ் ஏறி அவ வீட்டுக்குப் போறா. திரும்பி வந்து என்கிட்டப் பேசறதில்லை. பேசினா, "உங்களுக்குப் பேர் வேணுமா, மக வேணுமா?"ங்கிறா. எனக்கு ரெண்டும் வேணும். ரெண்டையும் நான்தானே உண்டாக்கினேன்?

இதை நம்ம மலை ஜனங்க படிக்கிற பத்திரிகைக்குத் தமிழ்ல எழுதறேன். தமிழ்ல எழுதினா அங்க யாருக்கும் புரியாதுங்கிற தைரியத்துல எழுதறதா நினைக்க வேணாம். இந்தக் காலத்துல மிஷினே மொழிபெயர்த்துக் கொடுக்குது. ஓட்டுப் போடறவங்க கண்ணுல இது படலாம். தெரிஞ்சுதான் எழுதறேன்.

நான் கேக்கிறது இதுதான். பிரட்டை அடுத்த வெளியீட்டுல எடுத்துடுங்க, தடையில்லை. ஆனா புது இன்ஸ்டாலர் அந்த வேலையைச் செய்யற வரைக்கும், அதோட மூலத்தை எழுதினவர்ங்கிற இடத்துல, எமரால்டு க. ராமையான்னு போடணும். முதல்ல ஓட இடம் கொடுத்தவர் நஞ்சன்னு போடணும். அதை இங்கிலீஷ்ல எழுதி உலகத்துக்கு அனுப்பினது மலர்விழின்னு போடணும். அது சின்ன வேலை இல்லை. அவ இல்லாட்டி அது எமரால்டு செட்டைத் தாண்டியிருக்காது. அவளுக்கு உரியதுல ஒரு எழுத்தும் நான் கேக்கலை. எனக்கு உரியதைக் கேக்கிறேன்.

மலரு, வேற யாரும் திருத்தறதுக்கு முன்னாடி, தேர்தலுக்கு முன்னாடி, நீயே போடு. எழுதினவர் பேர் இருக்கிற அந்தப் பக்கத்தைத் திருத்தற அதிகாரம் உன்கிட்ட இருக்கு. நான் காலையில எழுந்ததும் அதைத்தான் திறந்து பார்க்கிறேன்.